இறக்கையில் நீலக் கறை: வீட்டில் கட்டிய விமானத்தின் பெட்ரோல் டேங்க் ஒழுகினால் எந்த வழி?

"அண்ணா, இது வெறும் கறைதானே? லாக்டைட் பசை போட்டால் போதுமா, டேங்கையே கழற்ற வேண்டுமா?" என்று கேட்டு ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். அவர் கட்டிய ஆர்வி-7 விமானத்தின் இடது இறக்கை, அடிப்பக்கம். வெள்ளைப் பெயின்ட்டின் மேல், ஒரு ரிவெட்டைச் சுற்றிக் அமெரிக்கக் குவார்ட்டர் (25 சென்ட்) நாணயம் அளவுக்கு நீலம் படர்ந்திருந்தது. சின்ன விமானங்கள் குடிக்கும் 100 எல்எல் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், சாயம் மட்டும் காட்டிக்கொடுக்கத் தங்கிவிடும்.

இதே கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டுவிட்டார்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். டெக்சாஸில் பழைய ஆர்வி-6 ஒன்றை வாங்கி, அதன் இரண்டு டேங்க்குகளோடும் இரண்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. இங்கே சொல்வது பெரும்பாலும் ஆர்வி வகைக்கானது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அரோரா என்ற ஊரில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் பாகங்களை வாங்கி வீட்டில் கட்டும் விமானங்கள் இவை. 11,000க்கும் மேல் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். எனவே டேங்க் ஒழுகிய அனுபவத்துக்கும் பஞ்சமில்லை.

## டேங்கின் உள்ளமைப்பு

இந்த விமானத்தில் இறக்கைக்குள் தனிப் பெட்டி கிடையாது. இறக்கையின் முன்விளிம்புத் தகடே டேங்கின் சுவர். அலுமினியத் தகட்டை வளைத்து, உள்ளே விலா எலும்புகளைப் போல ரிப்களை நிறுத்தி, பின்பக்கம் ஒரு தடுப்புத் தகட்டால் மூடி, எல்லாவற்றையும் நூற்றுக்கணக்கான ரிவெட்களால் பிணைத்திருப்பார்கள். தகடும் தகடும் சேரும் இடமெல்லாம் பாலிசல்ஃபைடு பசை. கட்டுகிறவர்கள் வாயில் அதன் பெயர் புரோசீல். ஆர்வி-7இல் இரண்டு பக்கமும் சேர்த்து 42 காலன், அதாவது ஏறக்குறைய 159 லிட்டர் பெட்ரோலை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது அந்தப் பசைதான்.

கடைசியாகப் பொருத்துவது பின் தடுப்புத் தகடு. அதை மூடியபின் கை உள்ளே போகாது, கண்ணும் போகாது. பசை சரியாகப் பிதுங்கி நிறைந்ததா என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். ஒழுகும் டேங்க்குகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, இந்தத் தகடும் ஓர ரிப்பும் வெளித்தகடும் கூடும் மூலைகளைத்தான்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். பெட்ரோல் எட்டிப் பார்க்கும் இடம் ஒன்று, அது நுழைந்த இடம் வேறொன்று. ரிப்பின் ஓரத்தில் பசை முடியளவு விலகியிருந்தால் போதும். பெட்ரோல் அங்கே நுழைந்து, ரிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஊர்ந்து, நாலு ரிவெட் தள்ளி ஐந்தாவதில் வெளியே வரும். ஓட்டு வீட்டில் ஓடு உடைந்த இடத்துக்கு நேர் கீழேயா சொட்டுகிறது? சட்டத்தின் வழியே ஓடி, நாம் படுத்திருக்கும் இடம் பார்த்துத்தானே விழுகிறது. அதே கதைதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, எவ்வளவு ஒழுகுகிறது என்பது. காய்ந்த கறையின் அகலம் எதையும் சொல்லாது. அது ஒரு மாதம் சேர்ந்ததாக இருக்கலாம். துடைத்துவிட்டு 30 நிமிடம் காத்திருந்து ஈரத்தை அளக்க வேண்டும். அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் மெக்கானிக் கையேடு இதை நான்காகப் பிரிக்கிறது. ஈரம் முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் கறை. ஒன்றரை அங்குலம் வரை கசிவு. நாலு அங்குலம் வரை கனத்த கசிவு. சொட்டினாலோ வழிந்தாலோ ஓடும் ஒழுகல். கடைசி வகையோடு பறக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி இடம். திறந்த காற்றில், இறக்கையின் அடியில் சிறிதாகக் கசிவதும், மூடிய இடத்துக்குள் கசிவதும் ஒன்றாகாது. இறக்கை உடற்பகுதியோடு சேரும் மூலையை ஒரு மறைப்புத் தகடு மூடியிருக்கும். அதற்குள் ஆவி தேங்கும், அங்கிருந்து விமானிகள் அமரும் அறைக்கும் வரும். மூடிய இடமென்றால் அளவு பார்க்காமல் சரிசெய்துவிட வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் கேட்பதே இல்லை. நான் உள்ளே விடப்போகும் பொருள் பிறகு பிய்ந்து வருமா? சொட்டுகிற டேங்க் குறைந்தது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். உள்ளே பூசியது உரிந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் எடுக்கும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் மூச்சுவிடத் திணறும்போதுதான் தெரியும். எல்லா வழிகளையும் நான் முதலில் உரசிப் பார்ப்பது இந்தக் கல்லில்தான்.

நான்காவது, இந்த வழி தோற்றால் அடுத்த வழியைக் கெடுத்துவிடுமா என்பது. ஐந்தாவது, விமானம் எத்தனை நாள் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) முடங்கும் என்பது. செலவைப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. புது டேங்க்கைத் தவிர மற்ற வழிகளுக்கான பொருட்கள் எல்லாம் சில பத்து டாலருக்குள் அடங்கும். விலை உயர்ந்தது நம் நேரமும் பெயின்ட்டும்தான்.

## அதற்கு முன்: ஒழுகுவது டேங்க்தானா?

கறையைப் பார்த்ததும் பசையை வாங்க ஓடாதீர்கள். மேலே மூடியின் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தால், பறக்கும்போது இறக்கையின் மேல்பரப்பில் இருக்கும் குறைந்த அழுத்தம் பெட்ரோலை உறிஞ்சி வெளியே இழுக்கும். மூடிக்குப் பின்னால் நீண்ட நீலக் கோடு விழும். அடியில் இருக்கும் வடிகால் வால்வின் இருக்கையில் மணல் துகள் ஒன்று சிக்கினாலும் நாளெல்லாம் சொட்டும். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை பொருத்திய மூடித்தகட்டில் கார்க் கேஸ்கட் போட்டிருந்தால், அது சுருங்கி ஓரத்திலோ திருகுகளின் வழியிலோ கசியலாம். இவை எல்லாம் டேங்க்கின் குற்றமே இல்லை. ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலைகள்.

டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் கசிகிறதா, பாதியிலும் கசிகிறதா என்பதையும் குறித்து வையுங்கள். இறக்கை வெளிப்பக்கம் போகப் போக உயர்வதால் பெட்ரோல் உள்பக்க அடிமூலையில் தேங்கும். நிறைந்தபோது மட்டும் கசிந்து கால்வாசி செலவானதும் நின்றுவிட்டால், ஓட்டை மேலேயோ வெளிக்கோடியிலோ இருக்கிறது. கடைசிச் சொட்டுவரை கசிந்தால் அடிமூலையைச் சந்தேகிக்கலாம். டேங்க்கைக் கழற்றாமல் கிடைக்கும் துப்பு இது ஒன்றுதான். அதையும் பலர் வீணாக்கிவிடுகிறார்கள்.

## வழி 1: விட்டுவைத்துக் கவனிப்பது

சோம்பேறித்தனம் போலத் தெரியும், ஆனால் நியாயமான வழி. திறந்த இடத்தில், கறை அளவில், மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் பறக்கலாம். ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பவர்கள் உண்டு.

மறைந்திருக்கும் செலவு பெயின்ட். தகட்டுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே பெட்ரோல் புகுந்து கொப்புளம் எழும், பிறகு செதில் செதிலாகக் கழன்றுவிடும். விமானத்தை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

## வழி 2: வெளியிலிருந்து லாக்டைட் 290

ஊரில் லாரியின் டீசல் டேங்கில் சின்ன ஓட்டை விழுந்தால் துணி துவைக்கும் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்துவிட்டு அடுத்த ஊர்வரை ஓட்டிப் போவார்கள். சோப்பு டீசலில் கரையாது, அந்த அறிவு அபாரமானது. ஆனால் அது ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்கான வழி. வெளியிலிருந்து செய்யும் எந்த அடைப்பும் கொஞ்சம் அந்தச் சோப்பின் ஜாதிதான். லாக்டைட் 290 அந்த ஜாதியில் உயர்ந்தது.

பச்சை நிறத் திரவம். தண்ணீர் போல மெல்லியது, நுண்ணிய இடைவெளியில் தானாக ஊறிப் போகும். காற்றுப் படாமல், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது இறுகும். ஒரே ஒரு ரிவெட் கசிகிறது, அது நேரடியாக அந்த ரிவெட்டின் தளர்வால்தான் கசிகிறது என்றால், இது பல வருடம் தாங்கும்.

செய்முறையில் நுட்பம் ஒன்று இருக்கிறது. டேங்க்கைக் காலி செய்து, நன்றாக உலரவிட்டு, காற்றுப்போக்கிக் குழாயின் வழியே மிக லேசாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே ரிவெட்டின் மேல் ஒரு சொட்டு விட வேண்டும். உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் திரவம் இடைவெளிக்குள் இழுபடும். உறிஞ்சுவதற்கு வீட்டு வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து வைத்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஆவியைத் தீப்பொறி பறக்கும் மோட்டாரின் வழியாக இழுப்பது தற்கொலைக்குச் சமம். பிரேக் எண்ணெயை உறிஞ்சப் பயன்படும் கைப்பம்ப் போதும்.

ஓட்டையின் உள்வாய் வேறெங்கோ இருந்தால் இந்த வழி தோற்கும். இந்த ரிவெட்டை அடைத்தால் அடுத்ததில் வரும், அதை அடைத்தால் அதற்கடுத்ததில். மூன்றாவது ரிவெட்டுக்கு மேல் துரத்த வேண்டாம் என்பது என் கணக்கு. பெட்ரோலின் பிசுக்கு இடைவெளிக்குள் இருந்தாலும் சரியாக இறுகாது. ஆனாலும் இதற்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு: தோற்றாலும் எதையும் கெடுப்பதில்லை. உள்ளே பிய்ந்து விழும் அளவுக்கு எதுவும் போவதில்லை. அதனால் திறந்த இடத்தில், ஒற்றை ரிவெட்டுக்கு முதல் முயற்சியாக இதைத் தாராளமாகச் செய்யலாம்.

## வழி 3: கழற்றி, உள்ளிருந்து புரோசீல்

நிரந்தரமான வழி என்று நான் நம்புவது இதைத்தான். எல்லாரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான்.

பயம் பாதி கற்பனை. ஆர்வியின் டேங்க் இறக்கையோடு ரிவெட் அடிக்கப்பட்டதில்லை. மேலும் கீழும் வரிசையாகத் திருகுகள், பின்னால் இறக்கையின் முதுகெலும்பான முதன்மை ஸ்பாரின் வழியே வரும் போல்ட்கள், உடற்பகுதியோடு ஒரு போல்ட். பெட்ரோல் குழாய், காற்றுப்போக்கிக் குழாய், அளவுமானி வயர் ஆகியவற்றைப் பிரித்துவிட்டால் டேங்க் முன்பக்கமாகக் கழன்று வரும். இறக்கை விமானத்திலேயே இருக்கும். கை பழகியவருக்கு ஒரு நாள் வேலை. பெயின்ட் அடித்துத் திருகுத் தலைகளை மூடியிருந்தால் மட்டும் முதல் நாள் முழுக்கத் திருகுகளுக்கே போய்விடும்.

காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, உள்ளேயே படுத்துக் கிடக்கும். மூடிகளைத் திறந்து வைத்து நாட்கணக்கில் காற்றோட விடுங்கள். துளை போட வேண்டியிருந்தால் காற்றில் ஓடும் டிரில் மட்டும்.

அடுத்தது ஓட்டையைக் கண்டுபிடிப்பது. எல்லாத் துவாரங்களையும் அடைத்து, உள்ளே லேசான காற்றழுத்தம் கொடுத்து, வெளியே சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்க்க வேண்டும். 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்தைத் தாண்டவே கூடாது. ஒன்றுதானே என்று தோன்றும். அரை சதுர மீட்டர் தகட்டின் மேல் அது ஏறக்குறைய 350 கிலோ எடையாக அழுத்தும். சைக்கிள் பம்ப்பால் விளையாட்டாக இரண்டு அடி கூடுதலாக அடித்தவரின் டேங்க் தலையணை போல உப்பிவிடும். பாதுகாப்புக்கு ஒரு குழாயின் வாயில் பலூனைக் கட்டுவது வழக்கம். அதைவிட எனக்குப் பிடித்தது நீர்க்குழாய். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யு வடிவத்தில் சுவரில் ஒட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டேங்க்கோடு இணைத்துவிட்டால், இரு பக்க நீர்மட்டத்தின் வித்தியாசமே அழுத்தம். 1 பிஎஸ்ஐ என்பது 70 செ.மீ. தண்ணீர். 50இல் நிறுத்திக்கொண்டால் நிம்மதி.

ஒரு எச்சரிக்கை. மூடிய டேங்கில் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினாலே நீர்மட்ட வித்தியாசம் சுமார் மூன்றரை செ.மீ. மாறிவிடும். இது தெரியாமல் இல்லாத ஓட்டையை ஒரு வாரம் தேடியவன் நான்.

வெளியே குமிழி வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு நேர் உள்பக்கத்தில் மட்டுமல்லாமல் அந்த ரிப்பின் முழு நீளத்தையும் சந்தேகிக்க வேண்டும். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. உள்பக்க ரிப்பில் அளவுமானிக்கான மூடித்தகடு இருக்கும். முதல் அறையில் ஓட்டை என்றால் அந்த வட்டத் துவாரத்தின் வழியே கையை விட்டு வேலையை முடித்துவிடலாம். அதற்கப்பால் உள்ள அறை என்றால் பின் தடுப்புத் தகட்டில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, வேலை முடிந்ததும் மேலே ஒட்டுத்தகடு வைத்துப் புரோசீலும் மூடிய முனை பாப் ரிவெட்களும் போட்டு அடைக்க வேண்டும். நல்ல டேங்கில் ஓட்டை போடுவதா என்று மனம் பதறும். அந்த வெட்டு இறக்கைக்குள், ஸ்பாருக்கு முன்னால் மறைந்திருக்கப் போகிறது, வெளியே பெயின்ட் போகாது. ஆனால் ஒவ்வொரு ஒட்டுத்தகடும் நாளைக்கு ஒழுகக்கூடிய புது ஓரம் என்பதை மறக்கக் கூடாது.

பசை வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தோற்பவர்கள் எல்லாரும் இங்கேதான் தோற்கிறார்கள். வெள்ளைப் பசையும் கறுப்புக் கடினமாக்கியும் எடையில் பத்துக்கு ஒன்று: 30 கிராமுக்கு 3 கிராம். கண்ணளவு கூடாது, கிராமில் காட்டும் சமையலறைத் தராசு வேண்டும். ஒரு வெள்ளைக் கோடுகூடத் தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாகும் வரை குழைக்க வேண்டும். பி-2 என்ற வகை குழைத்தபின் இரண்டு மணி நேரம் வேலை செய்ய விடும். அதற்குள் அது உங்கள் கையுறை, சட்டை, கதவுக் கைப்பிடி, செல்போன் எல்லாவற்றிலும் இருக்கும். எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியாது.

பழைய பசையின் தளர்ந்த ஓரங்களை உலோகக் கத்தியால் சுரண்டக் கூடாது. அலுமினியத்தில் விழும் கீறல் பிற்காலத்து விரிசலுக்கு விதை. பிளாஸ்டிக் அல்லது கடின மரச் சீவலால் எடுத்துவிட்டு, நாரினால் தேய்த்து மினுமினுப்பைப் போக்கி, எம்இகே என்ற கரைப்பான் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். துணியில் அழுக்கு வராத வரை துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எம்இகேயின் ஆவி தலையைச் சுற்றவைக்கும், முகமூடியும் கையுறையும் கட்டாயம். சுத்தமான தகட்டில் மெல்லிய புரோசீல் போதும். அழுக்குத் தகட்டில் ஒரு விரல் தடிமன் அப்பினாலும் அடியில் பெட்ரோல் ஊர்ந்து போகும்.

மறைந்திருக்கும் செலவு பொறுமை. 25 டிகிரி வெப்பத்தில் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாது, முழுதும் இறுக ஒரு வாரத்துக்கு மேல் விடுவது நல்லது. குளிர்காலத்தில் சூடில்லாத ஹேங்கரில் இன்னும் இழுக்கும். பசைக்கும் காலாவதித் தேதி உண்டு. பாதி மீந்த டப்பாவை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். அளவுமானியைக் கழற்றியிருந்தால் திரும்பப் பெட்ரோல் ஊற்றி அளவுகளைச் சரிபார்க்கவும் நேரம் வேண்டும்.

மூடிய இடத்துக் கசிவு, ஓடும் ஒழுகல், பல ரிவெட்டுகளில் தாவித் தாவி வரும் கசிவு மூன்றுக்கும் என் பதில் இந்த வழிதான்.

## வழி 4: கலவையை ஊற்றிக் குலுக்குவது

டேங்க்குக்குள் திரவ அடைப்பானை ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, மிச்சத்தை வடித்துவிட்டு உலரவிடுவது. ஒரு காலத்தில் ஆர்வி கட்டியவர்கள் பலர் இதைச் செய்தார்கள். டேங்க்கைத் திறக்க வேண்டாம், ஓட்டை எங்கே என்று தேடவும் வேண்டாம். கேட்கும்போதே இனிக்கும்.

நான் வாங்கிய ஆர்வி-6இன் டேங்க்குகளுக்கு இந்த அபிஷேகம் எப்போதோ நடந்திருக்கிறது, விற்றவர் அதைச் சொல்லவில்லை. வாங்கிய நாலாவது மாதம் பெட்ரோல் வடிகட்டியைத் திறந்தபோது வலையின் மேல் பாலாடை போல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் எடுத்தால் மெல்லிய தோல். வெளிச்சத்தில் பிடித்தால் அதில் ரிவெட் தலைகளின் அச்சு வட்ட வட்டமாகத் தெரிந்தது. பின் தடுப்புத் தகட்டை வெட்டி உள்ளே பார்த்தபோது, பாதி சுவரில் அந்தத் தோல் வெயிலில் காய்ந்த சுவரொட்டி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையால் உரித்து எடுக்கவே மூன்று வார இறுதிகள் போயின.

மூன்றாவது கேள்வியிலும் நான்காவது கேள்வியிலும் இது ஒருசேரத் தோற்கிறது. கைபடாத இடங்களில் அழுக்கின் மேலேயே படிவதால் பிடிமானம் இல்லை, உரிந்தால் நேராகப் பெட்ரோல் குழாயின் வாய்க்குப் போகிறது. பின்னால் யாராவது முறையாகப் புரோசீல் போட நினைத்தால், முதலில் இதைச் சுரண்டி முடிக்க வேண்டும். இது சிறந்த வழியாக இருக்கும் சந்தர்ப்பம் ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். ஆர்வி டேங்க்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

## வழி 5: புது டேங்க்

டேங்கில் அரிப்பு இருந்தால், தரையில் இடித்து ரிப் வளைந்திருந்தால், அல்லது முதலில் கட்டியவர் பசையே சரியாகக் கலக்காமல் எல்லா ஓரமும் பிசுபிசுவென்று இருந்தால், ஒவ்வொன்றாக ஒட்டுவதைவிடப் புதிதாகக் கட்டுவது மேல். பாகங்களை வாங்கி நாமே கட்டலாம். கட்டித் தருபவர்களிடமும் வாங்கலாம், விலை ஆயிரக்கணக்கான டாலர். திருகுத் துளைகள் பழைய இறக்கையோடு பொருந்துமா என்பதும், பெயின்ட் நிறம் சேருமா என்பதும் பில்லில் வராத செலவுகள். ஒரு பக்கம் மட்டும் புது வெள்ளை, மறுபக்கம் பத்து வருட வெள்ளை என்று நிற்கும் விமானங்களைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு | தோற்றால் |
|---|---|---|---|
| விட்டுவைப்பது | திறந்த இடம், மாறாத கறை | பெயின்ட் கொப்புளம் | எந்த வழிக்கும் போகலாம் |
| லாக்டைட் 290 | ஒற்றை ரிவெட், திறந்த இடம் | கசிவைத் துரத்தி ஓடும் நாட்கள் | அடுத்த வழிக்குத் தடையில்லை |
| உள்ளிருந்து புரோசீல் | மூடிய இடம், ஓடும் ஒழுகல், தாவும் கசிவு | வாரக்கணக்கில் முடக்கம், புது ஒட்டு ஓரங்கள் | திறந்து மீண்டும் போடலாம் |
| ஊற்றிக் குலுக்குவது | ஆர்வியில் வேண்டாம் | உரிந்த தோல், வடிகட்டி அடைப்பு | மற்ற வழிகளையும் கெடுக்கும் |
| புது டேங்க் | அரிப்பு, அடி, பசையே கெட்டது | பெயின்ட், துளைப் பொருத்தம் | பழைய டேங்க்கைத் தூக்கி எறியாதீர்கள் |

## மற்ற விமானங்களில்

ஜெனித் சிஎச் 750 போன்றவற்றில் இறக்கைக்குள் வெல்டு செய்த அலுமினிய டேங்க். அங்கே கேள்வியே வேறு: வெல்டு ஓரத்தில் விரிசல் என்றால் கழற்றி, ஆவி முழுதும் போக்கி, அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுப்பது, இல்லையேல் மாற்றுவது. லாங்-ஈஇசட் போன்ற கண்ணாடியிழை விமானங்களில் பெட்ரோல் இறக்கை அடியை ஒட்டிய இழைப்பகுதிக்குள்ளேயே இருக்கும். அவற்றில் எத்தனால் கலந்த கார் பெட்ரோல் பசையையே இளக்கிவிடக்கூடும் என்பதால், ஓட்டையைப் பார்க்கும் முன் என்ன பெட்ரோல் ஊற்றினீர்கள் என்று கேட்க வேண்டும்.

## வேலை முடிந்தபின்

அமெரிக்காவில் இந்த வகை விமானத்தை யார் வேண்டுமானாலும் பழுதுபார்க்கலாம். ஆண்டுக்கொரு முறை நடக்கும் நிலை ஆய்வில் கையெழுத்திட மட்டும், ரிப்பேர்மேன் சான்றிதழ் பெற்றவரோ, ஏ அண்ட் பி என்ற உரிமம் உள்ள மெக்கானிக்கோ வேண்டும். என்னைப் போல இரண்டாம் கையாக வாங்கியவருக்கு, விமானத்தை வாங்கியதாலேயே அந்தக் கையெழுத்து உரிமை வந்துவிடாது. அதனால் மூடுவதற்கு முன் உள்ளே படம் எடுத்து வையுங்கள், பதிவேட்டில் எழுதுங்கள். மெக்கானிக்கிடம் வாயால் விளக்குவதைவிட ஒரு படம் மேல்.

பெட்ரோல் ஊற்றியதும் பறக்க ஓடக் கூடாது. ஒரு நாள் நிறைந்த டேங்க்கோடு நிறுத்தி, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்துப் பாருங்கள். பிறகு தரையிலேயே எஞ்சினை ஓட்டி வடிகட்டியைத் திறந்து பாருங்கள். முதல் ஐந்து மணி நேரப் பறப்புக்குப் பின் மறுபடி ஒரு முறை.

தம்பியின் ஆர்வி-7 கதைக்கு வருகிறேன். முதலில் லாக்டைட்தான் போட்டார், நானும் சரி என்றேன். மூன்று வாரத்தில் பக்கத்து ரிவெட்டில் நீலம். அதன் பிறகு டேங்க்கைக் கழற்றி, மூடித்தகட்டின் வழியே முதல் அறையின் பின்மூலையில் புரோசீல் போட்டு, பத்து நாள் காயவிட்டு, மாலையில் 50 செ.மீ. அழுத்தம் கொடுத்துச் சுவரில் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ஆறரைக்குத் தொலைபேசி.

"அண்ணா, 43க்கு இறங்கிவிட்டது. ஏழு செ.மீ. போய்விட்டது. எல்லாம் வீண்."

"ஹேங்கரில் வெப்பமானி இருக்கிறதா தம்பி?"

"இருக்கிறது. நேற்று மாலை 24. இப்போது 22."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்படியென்றால் மதியம் மறுபடி 24 வரட்டும், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் அண்ணா" என்று வைத்துவிட்டார்.